பதிமூன்றாவது முட்டை

நம் எட்டாம் வகுப்புக் கூட்டம் இப்போது ஒரு வாட்ஸப் குழுவில் குடியிருக்கிறது. விடிந்தால் ரோஜாப்பூ, பொழுது சாய்ந்தால் சர்க்கரைக்கு வெந்தய வைத்தியம், இடையில் யாராவது பேரனுக்குக் காதுகுத்து. போன மாதம் அந்தக் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். நம் பள்ளிக்கூடத்தில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கும் அறை. ஜன்னல் ஓரத்தில், கழுத்து வளைந்த கறுப்பு மைக்ராஸ்கோப். மேலே லென்ஸ் போய்விட்டது. அடியில் இருக்கும் குட்டிக் கண்ணாடியில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தங்கியிருந்தது. "யாருக்கு ஞாபகம் இருக்கு?" என்று கேட்டிருந்தார். நீங்கள் எல்லோரும் இதயம் போட்டீர்கள். நான் போடவில்லை.

முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லேபில் குழாயில் கண்ணை வைத்தே சோறு தின்றவள் நான். எத்தனையோ மைக்ராஸ்கோப் பார்த்தாயிற்று. ஆனால் அந்தக் கறுப்புக் கருவியைக் கண்டதும் எனக்கு என் சித்தியின் முகம்தான் வந்தது. அந்த வருடம் அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அதைக் குழுவில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்த ரோஜாப்பூவுக்குப் போய்விடுவீர்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு உங்களில் பலருக்குத் தெரியாது. குன்றாண்டார்கோவிலிலிருந்து உள்ளே பிரியும் செம்மண் பாதையில், கண்மாய்க்கரையைத் தாண்டி, கடலைக் கொல்லைக்கு நடுவே தனியாக நின்றது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் வேறு வீடு கிடையாது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர் கட்டிக்கொண்டு வந்த சித்தி. ஐந்து பேர், நாலு கோழி, ஒரு சேவல்.

சித்தி கட்டுமாவடிப் பக்கம். அவள் அப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வந்த புதிதில் அவள் துணியில் உப்பு வாடை அடிப்பதாக அம்மா சொல்வாள். எனக்கு அந்த வாடை பிடிக்கும். அவள் மடியில் தலைவைத்துப் படுத்தால் இதுவரை பார்க்காத கடல் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும். கல்யாணமாகி ஆறு வருடம். குழந்தை இல்லை. சித்தப்பா கடலை மில்லுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பேச வேண்டிய இடத்திலும் அதிரமாட்டார்.

அந்த வைகாசியில் சித்தி எங்கள் கருப்பருக்கு நேர்ந்துகொண்டாள். ஒரு பிள்ளை கொடுத்தால் போதும், வீட்டில் இருக்கும் சேவலைத் தருகிறேன் என்று. கொடுத்த பிறகு தருவதுதான் முறை. அம்மாதான், "முன்னாடியே குடுத்துரு, சாமிக்கும் ஒரு நம்பிக்கை வரட்டும்" என்றாள். செவலைச் சேவல், வால் மட்டும் கறுப்பு. குஞ்சிலிருந்து சித்தி கையில் நொய் தின்று வளர்ந்தது. கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது அவள் கைக்குள் அது தூங்கிவிட்டது. அன்றைக்குக் கறிச்சோறு. சித்தி ஒரு துண்டை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மென்றாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் கூவல் இல்லை. வெயில் வந்து கண்ணில் விழுந்தால்தான் எழுந்தோம். கொல்லைக்குள் மயில் அகவும். அதைக் கேட்டுக் கோழிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கிளறும்.

ஆனி முடிகிற சமயம், சாம்பல் நிறக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இறகைச் சிலுப்பிக்கொண்டு, கிட்டே போனால் கொத்தியது. ஒரு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தபோது அம்மாவும் அப்பாவும் பேசியது காதில் விழுந்தது. விராலிமலைப் பக்கம் ஒரு பெண் இருக்கிறதாம். இரண்டாம் தாரமாகக் கொடுக்கச் சம்மதமாம்.

"அவசரப்படாதீங்க" என்றாள் அம்மா. "இந்தத் தடவ அடைய அவ கையால வைக்கச் சொல்லுவோம். அந்தக் கையில உசிரு நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சு போகும். பொரிச்சா இன்னும் ஒரு வருசம் பாப்போம். இல்லன்னா ஆளனுப்புங்க."

அப்பா சரி என்றார். கடலை விதைப்பதற்குக் கூட நாலு பேரைக் கேட்கிற மனிதர், இதற்கு உடனே சரி என்றார். எனக்கு இப்போதும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

அம்மாவின் கை அடைவைக்க ராசியான கை என்று பேர். அதுவரை வேறு யாரையும் தொடவிட்டதில்லை. அன்றைக்கு அவள் பின்னால் நின்றுகொண்டாள். கூடைக்குள் மணல், மணல் மேல் வைக்கோல். இடி இடித்தால் முட்டை கலங்கிவிடும் என்பதற்காக ஒரு துருப்பிடித்த இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, இரண்டு வரமிளகாய். சித்தி கிழக்கே பார்த்து உட்கார்ந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்து வைத்தாள். வைக்குமுன் ஒவ்வொன்றையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எப்போதும் ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும். அம்மா எண்ணிக்கொண்டே வந்து பதிமூன்றில் நிறுத்தினாள். பானையில் இருந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது.

"இருவத்தோரு நாளு" என்றாள் அம்மா. சித்தி தலையாட்டினாள். அவளுக்கும் விராலிமலைப் பேச்சு தெரிந்திருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதே வாரம்தான் நம் பள்ளிக்கூடத்துக்கு அந்த மைக்ராஸ்கோப் வந்தது. ஹெச்.எம். அறை பீரோவிலிருந்து சயின்ஸ் டீச்சர் அதைக் கைக்குழந்தையைப் போலத் தூக்கி வந்தாரே, மறந்திருக்க மாட்டீர்கள். சின்ன வெங்காயத் தோலை உரித்து, சிவப்பு மை ஒரு சொட்டு விட்டு, வெயில் வரும் ஜன்னலில் வைத்தார். வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு கண். என் முறை வந்தபோது முதலில் என் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு திடீரென்று கண் பழகி, சிவப்பாக, நெருக்கமாக, கீற்று முடைந்தது போல அறை அறையாக ஒரு பரப்பு. ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு பொட்டு. பிறகு ஐஸ் குச்சியால் கன்னத்தின் உள்பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தோம். அங்கேயும் அறைகள், அங்கேயும் பொட்டு. "எல்லாம் உசிரோட இருக்கு. இதெல்லாம் சேந்துதான் நீ" என்றார் டீச்சர்.

அன்றைக்கு வீட்டுக்கு நடந்த நடை எனக்கு இன்னும் காலில் இருக்கிறது. ஆடிக்காற்று பனைமரத்தில் சலசலத்துக்கொண்டே இருந்தது. எருக்கிலையைத் தொட்டேன், உள்ளே அறைகள். கண்மாயில் பாசி, அறைகள். எதிரே வந்த மாட்டின் காது, என் நகத்தடி, வேலியில் ஓடிய ஓணான், எல்லாம் உள்ளுக்குள் குடியிருப்பு நிறைந்து மெல்ல மூச்சுவிட்டன. மிதிக்கிற புல்லுக்கு வலிக்குமோ என்று பாதை ஓரத்து மணலிலேயே நடந்தேன். நான் என்பது ஒரு ஆள் இல்லை, ஒரு பெரிய ஊர் என்று தோன்றியது. அந்த ஊரில் யார் எனக்காகப் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்பது அப்போது தெரியாது.

டீச்சர், மறுநாள் ஒரு நாட்டுக்கோழி முட்டை வேண்டும் என்றிருந்தார். நான் கையைத் தூக்கிவிட்டேன். காலையில் பானையைப் பார்த்தால் காலி. சாம்பல் கோழி தண்ணீர் குடிக்க இறங்கிய நேரம் பார்த்து, அடைக்கூடையிலிருந்து ஒன்றை எடுத்து டிபன் பாக்ஸுக்குள் சோற்றின் மேல் வைத்தேன். முட்டை சூடாக இருந்தது. பன்னிரண்டு மிச்சம். இரட்டைப்படை. வழியெல்லாம் டிபன் பாக்ஸை ஆடாமல் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

டீச்சர் அதை ஒரு சாஸரில் உடைத்தார். மஞ்சள் கரு முழுசாக உட்கார்ந்தது. "வெங்காயத்துல பாத்தீங்களே, அதே மாதிரி இதுவும் ஒரே ஒரு செல்தான்" என்றார். அவ்வளவு பெரிய அறையா என்று நாம் எட்டிப் பார்த்தோம். மஞ்சளின் மேலே கடுகு அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"உங்க வீட்ல சேவல் இல்லையா?"

"சாமிக்குக் குடுத்துட்டோம் டீச்சர்."

"எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம் ஆகப்போகுது."

"அதான் வெறும் பொட்டா இருக்கு. சேவலோட பாதி வந்து சேந்திருந்தா சுத்தி வளையம் கட்டியிருக்கும். கோழி ரெண்டு மூணு வாரம் அதை உள்ள வச்சுக்கும். அதுக்கு மேல தாங்காது. இதை அடை வச்சாலும் பொரிக்காது."

நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். சேவல் என்றாலே சிரிக்கிற வயது. நான் மட்டும் கேட்டேன்: "அப்ப கோழி மேல தப்பில்லையா டீச்சர்?"

"கோழி என்ன செய்யும்? அது தர வேண்டியதைத் தந்துருச்சு."

அந்த வாக்கியத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு ஓடினேன். அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தாள். "அம்மா, சேவல் இல்லாம போட்ட முட்டை பொரிக்காதாம்" என்றேன். அம்மா கை நின்றது.

"சேவலப் பத்தி ஒனக்கென்னடி பேச்சு? இதத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்குறாங்களா? கருப்பருக்குப் போன சேவலு. அதோட வித்து கோழி வயித்துல வருசம் பூராம் நிக்கும். சாமி வாங்குனத வீணாக்காது."

எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருந்தால் முட்டையைத் திருடியதையும் சொல்லியிருக்க வேண்டும். இரட்டைப்படையானது வெளியே வந்திருக்கும். பொரிக்காமல் போவதற்கு என் திருட்டே காரணம் என்று ஆகியிருக்கும். விளக்குமாறு பக்கத்திலேயே கிடந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். டீச்சர் சொன்னது பாதி மனதிலும், இரட்டைப்படைப் பயம் மீதி மனதிலும் இருந்தது. பதிமூன்று வயதில் இரண்டையும் ஒன்றாக நம்ப முடியும்.

ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, மத்தியானம், அம்மா சந்தைக்குப் போயிருந்தாள். எங்கள் உள் அறையில் ஜன்னல் கிடையாது. உச்சியில் ஒரு ஓடு உடைந்து, அது வழியாக வெயில் ஒரு கம்பம் போல இறங்கித் தரையில் நிற்கும். அதற்குள் தூசி மேலேயும் கீழேயும் மெதுவாக நீந்தும். சித்தி அடையிலிருந்து ஒரு முட்டையை முந்தானையில் எடுத்து வந்தாள். "இங்கிட்டு வாத்தா" என்று என்னைக் கூப்பிட்டு, இரண்டு உள்ளங்கையையும் குவித்து அந்த வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்தாள்.

முட்டை பற்றிக்கொண்டது. ஓடு இல்லாமல் போய் வெறும் செம்மஞ்சள் ஒளி மட்டும் அவள் விரல்களுக்கு நடுவே நின்றது. அவள் விரல் ஓரங்களும் சிவந்து தெரிந்தன. உள்ளே நிலாவைப் போல ஒரு நிழல் மட்டும் மெல்லத் திரும்பியது. உயிர் பிடித்திருந்தால் இந்நேரம் சிலந்தி மாதிரிச் சிவப்பு நரம்புகள் ஓட வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் தேடினேன். ஒரு கோடு கூட இல்லை. அவ்வளவு சுத்தமான வெளிச்சத்தை நான் பிறகு எங்கேயும் பார்த்ததில்லை. அழுகை வந்தது.

"நல்லா வெளிச்சமா இருக்குல்ல?" என்றாள் சித்தி.

"ஆமா சித்தி" என்றேன்.

அவள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முட்டையை முந்தானையில் சுற்றிக் கொண்டுபோய் அதே சூட்டில் வைத்தாள். "எங்கூருல ஒரு மீனு ஆயிரம் பத்தாயிரம்னு சினை போடும். எவ கையால வச்சதுன்னு கடலு கேக்குறதில்ல" என்றாள். அவளாகச் சிரித்துக்கொண்டாள்.

பதினைந்தாம் நாள் மத்தியானம் இடியோடு மழை. சித்தி கூடைமேல் தன் பழைய சேலையைப் போர்த்தி, அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு இடிக்கும் அவள் தோள் குலுங்கியது. கோழி அசையாமல் இருந்தது. எனக்கு அப்போது சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. மழை விட்டதும் சொல்லலாம் என்று நினைத்தேன். மழை விட்டது.

இருபத்தோராம் நாள் போனது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கோழி மெலிந்து, கொண்டை வெளுத்துப்போனது. இருபத்து நாலாம் நாள் காலை அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு குப்பைக்குழிக்குப் போனாள். நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம். சித்தப்பா மட்டும் மில்லுக்குக் கிளம்பின கோலத்தில் வாசலில் நின்றுகொண்டார். அம்மா ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்து உடைத்தாள். எல்லாம் கூமுட்டை. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டில் முடிந்து, ஒன்று குறைகிறதே என்று அம்மா என் பக்கம் திரும்பப் போகிறாள் என்று காத்திருந்தேன். பதிமூன்று வந்தது. சரியாகப் பதிமூன்று. அந்த நிமிடம் எனக்கு வந்தது துக்கம் இல்லை, நிம்மதி. சித்தியின் வாழ்க்கை அந்தக் குழியில் உடைந்துகொண்டிருந்தபோது, நான் அடியிலிருந்து தப்பித்த நிம்மதியில் நின்றேன். இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

"கையப் பாரு" என்றாள் அம்மா. சித்தி நிஜமாகவே தன் கையைப் பார்த்தாள்.

கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று அவளை ஊருக்கு அனுப்பினார்கள். மெயின் ரோடு வரைக்கும் சித்தப்பா பையைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் போன பிறகும் அங்கேயே நின்றதாகச் சொன்னார்கள். தை மாதம் விராலிமலைச் சித்தி வந்தாள். அவளுக்கும் குழந்தை இல்லை. இந்தத் தடவை யாரும் யார் கையையும் சோதிக்கவில்லை. வீட்டு வாஸ்து சரியில்லை என்று வாசலை மாற்றி வைத்தார்கள்.

நான் லேபில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஜன்னல் வழியாக ஒரு கை டாக்டர் சீட்டை நீட்டியது. நிமிர்ந்தால் சித்தப்பா. நான் அங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது. திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. நான்தான் பார்த்தேன். டீச்சர் சொன்ன அந்தச் சேவலின் பாதி, ஓட்டமாக ஓட வேண்டிய செல்கள். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை ஸ்லைடை நகர்த்தினேன். மறுபடி புதிதாக ஒன்று வைத்தேன். ஒன்று கூட இல்லை. அன்றைக்கு உள் அறையில் பார்த்த அதே சுத்தமான வெளிச்சம்.

"எதுவும் இல்ல சித்தப்பா" என்றேன். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "பொறப்புல இருந்தேவா?" என்று கேட்டார். அப்படித்தான் இருக்கும் என்றேன். "யாருக்கும் தெரிய வேணாம்த்தா. முக்கியமா கட்டுமாவடிக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. இன்றுவரை சொல்லவில்லை.

குழுவில் அந்தப் படத்தைப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிக் கட்டுமாவடிக்குப் போனேன். சித்தி தன் தம்பி மகன் வீட்டில் இருக்கிறாள். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து மடவை மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது, கை தானாகப் போகிறது. மீன் வயிற்றிலிருந்து சினையைப் பிய்யாமல் முழுசாக எடுத்துத் தட்டில் தனியாக வைத்தாள். மஞ்சளாக, மினுமினுவென்று, ஆயிரமாயிரம்.

ஊர்க்கதை பேசி முடித்து, நான் மெதுவாக ஆரம்பித்தேன். "சித்தி, அன்னைக்கு அடையில இருந்து ஒரு முட்டைய நாந்தான் எடுத்தேன்."

"தெரியுமே" என்றாள் மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். "அன்னைக்கே பாத்தேன். ஒங்கம்மா எண்ணுனா ஒன்னைய உரிச்சிருவாளேன்னு, செவப்புக் கோழி போட்டத எடுத்து வச்சேன்."

மிச்சத்தையும் சொன்னேன். டீச்சர், சாஸர், வெள்ளைப் பொட்டு, சேவல். அன்றைக்கே தெரிந்தும் சத்தம் போட்டுச் சொல்லாமல் விட்டது.

சித்தி அரிவாள்மணையில் ஒட்டிய செதிலைத் துடைத்தாள். "கருவாட்டுக்காரன் மகளுக்குக் கோழியப் பத்தித் தெரியாதாத்தா? சேவல் இல்லாம என்னத்தப் பொரிக்கும்? எனக்கும் தெரியும். சேவல வாங்கிக்கிட்ட சாமி பாத்துக்கிரும்னு ஒரு நப்பாசை. வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தன்னைக்கே அதுவும் போயிருச்சு."

"அப்புறம் ஏன் சித்தி குழிகிட்ட நின்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"என்னான்னு சொல்ல? குத்தம் கோழி மேல இல்ல, சேவல் இல்லாததுதான்னா? ஒங்க சித்தப்பா வாசல்ல நிக்கிறாங்க. நாலு பேரு முன்னாடி அந்தப் பேச்சு எங்க போயி நிக்கும்? குத்தம் என் கையிலயே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

வெளியே யாரோ வலையை உதறினார்கள். சித்தி சினைத் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தாள். பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க வைத்திருந்ததைப் போல, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அவுங்க கடேசி வரைக்கும் தெரியாமத்தான போனாங்க?"

நாலாக மடித்த அந்தத் தாள் என் கண் முன்னால் வந்தது.

"ஆமா சித்தி. தெரியாமத்தான் போனாங்க" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அது போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.